பால்கேயின் சிறு படங்கள்: கைவினையும் அசைவூட்டமும் ஆவணமும்

இந்தியத் திரைப்பட வரலாற்றில் துண்டிராஜ் கோவிந்த் பால்கே (1870–1944) புராணப் படங்களின் முன்னோடியாகவே பெரிதும் அறியப்படுகிறார். 1913 மே 3ஆம் நாள் பம்பாய்க் காரனேஷன் அரங்கில் திரையிடப்பெற்ற ‘ராஜா ஹரிச்சந்திரா’ அப்பெயரை நிலைநிறுத்தியது. ஆயினும், அவர்தம் சிறு படங்களை ஒருங்கே வைத்து நோக்கின், கைவினை, அசைவூட்டம், ஆவணம் ஆகிய மூன்றும் அவரிடம் ஒரே தொழிலின் கூறுகளாக விளங்கியமை புலனாகும்.

நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் பிறந்த பால்கே, பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியிலும் பரோடாக் கலாபவனிலும் பயின்றார். நிழற்படம் எடுத்தார், தொல்லியல் துறையில் பணிபுரிந்தார், ரவிவர்மா அச்சகத்திற்காகக் கல்லச்சுப் பணியும் செய்தார். 1909இல் வண்ண அச்சு எந்திரங்களுக்காக ஜெர்மனி சென்றார். இவையனைத்தும் கையும் கண்ணும் ஒருங்கே உழைக்கும் தொழில்கள். திரைப்படம் இவற்றின் தொடர்ச்சியாகவே அவர் கைக்கு வந்தது.

1912இல் இலண்டனிலிருந்து வில்லியம்சன் ஒளிப்பதிவுக் கருவியுடன் திரும்பிய அவர், தொட்டியில் பட்டாணி விதையொன்றை ஊன்றி, அது முளைத்து வளர்வதை நாள்தோறும் விட்டுவிட்டுப் பதிவு செய்தார். பல நாள் வளர்ச்சி திரையில் சிறு பொழுதுக்குள் நிகழ்ந்தது. இதனைக் கண்டவர்கள் வழியாகவே முதற்படத்திற்குப் பொருளுதவி கிட்டியது. மனைவி சரஸ்வதிபாயின் நகைகளும் அடகு வைக்கப்பட்டன.

முதல் உலகப்போர்க் காலத்தில் எடுத்த ‘ஆக்காட்யாஞ்சி மௌஜ்’ என்னும் படத்தில் தீக்குச்சிகள் தாமே இயங்கி உருவங்களாக அமைந்தன. குச்சிகளைக் கையால் சிறிது நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே பதிவு செய்வது இதன் முறை. பட்டாணிப் படத்தின் முறையும் அடிப்படையில் இதுவே. இரு பதிவுகளுக்கு இடையில் அங்கே இயற்கை செயற்பட்டது. இங்கே கலைஞனின் கை செயற்பட்டது. முன்னது ஆவணமாகவும் பின்னது அசைவூட்டமாகவும் ஆனமைக்கு இவ்வேறுபாடே காரணம் எனலாம்.

மூன்றாவதாகிய ‘சித்ரபட் கசே தயார் கர்தாத்’ (1917), திரைப்படம் உருவாகும் முறையையே பொருளாகக் கொண்டது. பால்கே நடிகர்களைப் பயிற்றுவிப்பதும் படத்தொகுப்பில் ஈடுபடுவதும் இதில் காணப்படுகின்றன. முந்தைய படங்களில் மறைந்திருந்த கை இங்கே வெளிப்படையாகிறது. படச்சுருளுக்குத் துளையிடுதல், அதனைக் கழுவி உருத்துலக்குதல் முதலிய பணிகளில் பங்குகொண்ட சரஸ்வதிபாயின் உழைப்பு வரலாற்றில் உரிய இடம் பெறாமை ஈண்டு நினைத்தற்குரியது. கைத்தொழிற் கூறுகளைப் புறக்கணித்து எழுதப்படும் கலைவரலாறு, அத்தொழிலைச் செய்தவர்களையும் உடன் மறந்துவிடுகிறது.

பால்கேயின் படங்களுள் பெரும்பாலானவை அழிந்தன. 1964இல் புனேயில் தொடங்கப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தின் முயற்சியால் சில பகுதிகள் காக்கப்பட்டன. 1917ஆம் ஆண்டுப் படத்தின் பகுதியும் எஞ்சியுள்ளது. கதைப்படம், ஆவணப்படம், அசைவூட்டப்படம் என்னும் பிற்காலப் பகுப்புகள் ஆய்வுக்குத் துணைசெய்வன. எனினும், அவற்றை முன்னோடி ஒருவர்மீது ஏற்றிச் சிறு படங்களைப் பெரும் படத்திற்கான வெறும் ஒத்திகை எனக் கொள்வது பொருந்தாது. ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்கு வழிதிறந்தது ஒரு பட்டாணிச் செடியே என்பது மறத்தற்குரியதன்று.