விழுங்கியும் கொல்லாத வெள்ளணுக்கள்

1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மருத்துவர்கள், ஓயாத தொற்றுகளால் சிறுவரை மாய்க்கும் நோயொன்றை விவரித்தனர். நாட்பட்ட கிரானுலோமா நோய் என்று அதனை இன்று வழங்குகிறோம். அச்சிறுவரின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையவில்லை. எதிர்ப்பொருள்களோ மிகுந்தே இருந்தன. பின்னர் ஏன் மடிந்தனர்?

1967-இல் அங்கிருந்தே விடை வந்தது. அவ்வணுக்கள் கிருமிகளை விழுங்கின, ஆயினும் கொல்லவில்லை! உயிர்வளியைக் கொண்டு நச்சுப்பொருள் ஆக்கும் நொதி அவற்றில் பழுதுற்றிருந்தது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. நாமெல்லாம் தீங்கின்றிச் சுவாசிக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் இவர்களுடைய நுரையீரலை அரிப்பதும் இதனாலேயே.

பெரும்பாலும் தாய்வழியே மகனுக்கு வரும் இப்பழுதின் மரபணுவை 1986-இல் கண்டறிந்தனர். இட்ராகோனசோல் மருந்தை நாள்தோறும் உட்கொண்டால் பூஞ்சைத் தொற்று குறையும் என்பதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது.

எண்ணிக்கை நிறைவாயிருந்தும் செயல் குன்றக்கூடும் என்று ஐயுற்றவர்களாலேயே இவ்வழி திறந்தது. அவ்வையத்தையே அறிவியலின் முதற்படி என நான் கருதுகிறேன்.