கோடாலியில் ஓட்டை போட்டவன் யார்?

2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக் காலக்கணிப்புகள் வெளிவந்த நாளிலிருந்து நண்பர் வட்டத்தில் ஒரே பேச்சு இரும்புதான். தாழிகளில் கிடைத்த கரி, பானையோடு மாதிரிகளை வைத்துக் கணித்ததில் கி.மு. 3345 வரை போகுது என்று தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. அதுக்கு முன்னாடி 2022-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறைக்கு கி.மு. 2172 என்று அறிவித்தபோதே வாட்ஸப்பில் பட்டாசு வெடிச்சாங்க. மற்ற ஆய்வாளர்கள் இன்னும் பல இடங்களில் இதே முடிவு வருதான்னு பார்க்கணும் என்கிறார்கள். நியாயமான பேச்சு. விஞ்ஞானம்னா அப்படித்தான்.

எனக்கு வேற ஒரு கேள்வி. எப்போ என்பதை விடுங்க, எப்படி? ஒரு கொல்லர் கையால் ஒரு கோடாலியை எப்படி அடிச்சிருப்பார்? குறிப்பா, காம்பு நுழையறதுக்கு அந்த ஓட்டையை எப்படிப் போட்டார்?

சிரிக்காதீங்க. கோடாலியின் மொத்தக் கதையும் அந்த ஓட்டையில்தான் இருக்கு.

கல்லில் தொடங்கி

நான் குடியிருக்கும் அடையாற்றுக்குப் பக்கத்தில்தான் பல்லாவரம். 1863 மே 30-ம் தேதி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கேதான் ஆரம்பம். அதே வருஷம் செப்டம்பரில் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கிடைச்சது. அத்திரம்பாக்கத்துக் கைக்கோடாரிகளுக்கு சுமார் 15 லட்சம் வயது என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் கணித்துச் சொன்னார்கள்.

இந்தக் கைக்கோடாரிக்குக் காம்பே கிடையாது. உள்ளங்கையில் பிடிச்சு இடிக்க வேண்டியதுதான். காம்பு வந்தபிறகுதான் கோடாலி கோடாலி ஆச்சு. கை நீளத்தோடு காம்பின் நீளமும் சேர்ந்தா வெட்டு வாயின் வேகம் எகிறும். வேகம் இரண்டு மடங்கானா ஆற்றல் நாலு மடங்கு. பிளஸ் டூ இயற்பியல்தான். ஆனா அந்த ஆற்றல் முழுக்கக் காம்பும் தலையும் சேர்ற ஒரே இடத்தில் வந்து இறங்கும். அந்த மூட்டு தாங்கலைன்னா தலை பறந்து பக்கத்தில் நிக்கிறவர் மண்டையில் இறங்கும். ஆக, கோடாலி செய்யறவனுக்கு வெட்டு வாய் பாதிப் பிரச்சனை, மூட்டு மீதிப் பிரச்சனை.

வார்க்க முடியாத உலோகம்

செம்புக்கும் வெண்கலத்துக்கும் இது பெரிய விஷயமில்லை. செம்பு 1085 டிகிரியில் உருகிடும். தகரம் கலந்தா இன்னும் குறைவு. அச்சு செய்யும்போதே ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மண் கட்டையை வெச்சு ஊத்தினா ஓட்டையோடு வந்திடும். மொகஞ்சதாரோவிலேயே அப்படி ஓட்டையுள்ள கருவி ஒண்ணு கிடைச்சிருக்கு.

இரும்பு அப்படி இல்லை. அது உருக 1538 டிகிரி வேணும். களிமண் உலையும் மரக்கரியும் துருத்தியும் வெச்சு சுமார் 1200 டிகிரி வரைக்கும் இழுக்கலாம். அந்தச் சூட்டில் இரும்பு உருகாது. தாதுவில் இருக்கிற ஆக்சிஜனைக் கரி உறிஞ்சிக்கும். கழிவு மட்டும் உருகி ஓடும். மிச்சம் இருப்பது தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா ஒரு கட்டி. அதைச் சுடச்சுட எடுத்து அடி அடின்னு அடிச்சு உள்ளே இருக்கிற கசடைப் பிதுக்கி வெளியேத்தினாத்தான் இரும்பு.

ஆக, வார்க்க முடியாது. அடிச்சுத்தான் உருவம் கொண்டுவரணும். இங்கேதான் ஓட்டை தலைவலியாகுது.

தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் கிடைக்கிற கோடாலிகள் பலவற்றில் ஓட்டையே இல்லை. தட்டையான ஒரு இரும்புப் பட்டை, ஒரு பக்கம் வாய், அவ்வளவுதான். அதோடு எக்ஸ் மாதிரிக் குறுக்காகப் போகும் இரும்புப் பட்டைகள் இருக்கும். நாக்பூர் பக்கத்தில் நாய்குண்டு, மாஹுர்ஜரி போன்ற இடங்களிலும் இதே குறுக்குப் பட்டைக் கோடாலிகள் கிடைச்சிருக்கு. காம்பின் நுனியைப் பிளந்து, அதில் கோடாலியின் பின்பக்கத்தைச் செருகி, குறுக்காகப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

ஒரு பொறியாளனா இதைப் பார்க்கும்போது எனக்குப் புல்லரிக்குது. ஒவ்வொரு வெட்டிலும் தலை பின்னாடி தள்ளப்படும், பிளந்த காம்பு இன்னும் பிளக்கப் பார்க்கும். அதை எதிர்க்கத்தான் குறுக்குப் பட்டை. கயிறு கட்டினா அறுந்துடும், இரும்பே கட்டணும் என்று ஒருத்தர் யோசிச்சிருக்கார். இன்னைக்கு நம்ம பாஷையில் சொன்னா அது ஒரு 'பேட்ச்'. ஆனா பல தலைமுறை ஓடின பேட்ச்!

சென்னைக்காரர்கள் அந்தக் காலத்து இரும்பைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார். அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீ 1899-லிருந்து சில வருஷம் தோண்டி எடுத்ததில் பெரும்பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. மதுராந்தகம் பக்கத்துப் பெரும்பேரில் கிடைத்தவற்றையும் சேர்த்து ரீ போட்ட பட்டியல் 1915-ல் அச்சானது. வாள், ஈட்டி, சூலம், கோடாலி எல்லாம் அதில் உண்டு.

ஓட்டைக்கு இரண்டு வழி

கையால் அடிக்கும் கோடாலிக்கு ஓட்டை கொண்டுவர இரண்டு வழி. முதல் வழி, கனமான இரும்புக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி, உளியால் நடுவில் கீறி, அந்தக் கீறலில் முனை குறுகிய ஒரு இரும்புக் கம்பியை இறக்கி, கொஞ்சம் கொஞ்சமா விரிப்பது. கீறல் நடுவில் இருந்து ஒரு நூல் விலகினாலும் ஒரு பக்கச் சுவர் மெலிஞ்சு போகும். அங்கேதான் பிற்பாடு உடையும்.

இரண்டாவது வழி, நீளமான பட்டையை நடுவில் மடிப்பது. மடிப்பு இருக்கும் இடம் ஓட்டை. இரண்டு நுனிகளுக்கும் நடுவில் ஒரு எஃகுத் துண்டைச் செருகி மூன்றையும் ஒன்றாகப் பற்றவைக்கணும். உடம்பு மெத்து இரும்பு, வாய் மட்டும் எஃகு. எஃகு விலை அதிகம், அதனால தேவையான இடத்தில் மட்டும். சிக்கனமான டிசைன்.

பற்றவைக்க சுமார் 1300 டிகிரி. தெர்மாமீட்டர் கிடையாது, கண்தான். இரும்பு சிவக்கும், ஆரஞ்சாகும், மஞ்சளாகும், அப்புறம் வெளுக்கும். வெளுத்த நிலையில் மேலே மணலைத் தூவுவாங்க. இரும்பின் மேல் படியும் துருச்செதிலோடு மணல் சேர்ந்து கண்ணாடி மாதிரி உருகி ஓடிடும். சுத்தமான இரும்பும் சுத்தமான இரும்பும் தொடும்போது சம்மட்டி அடி விழணும். கொஞ்சம் முந்தினா ஒட்டாது. கொஞ்சம் பிந்தினா மத்தாப்பு மாதிரிப் பொறி பறக்கும், அதாவது இரும்பே எரியுது. முழுக் கோடாலியும் போச்சு. கண்ட்ரோல்-இசட் எல்லாம் கிடையாது :-)

கடைசியில் தோய்ச்சல். வாய்ப்பகுதியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணியில் முக்கினா கண்ணாடி மாதிரிக் கடினமாகும். கண்ணாடி மாதிரியே உடையும். அதனால மறுபடி இளஞ்சூடு காட்டணும். தேய்ச்சுப் பளபளப்பாக்கின எஃகின் மேல் வைக்கோல் நிறம் ஓடும், அப்புறம் ஊதா, அப்புறம் நீலம். எந்த நிறத்தில் நிறுத்தறதுன்னு தெரிஞ்சவர்தான் கொல்லர். நடப்பது எல்லாம் 200-லிருந்து 300 டிகிரிக்குள்ளே.

பட்டறைக்கு வரும் சின்னப் பையனுக்கு இதெல்லாம் யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதில்லை. முதலில் துருத்தி. துருத்தி போட்டுக்கொண்டே நெருப்பின் நிறத்தைப் பார்க்கிறான். அப்புறம் சம்மட்டி. பெரியவர் ஒரு கையில் குறடு, மறு கையில் சின்னச் சுத்தியல். அவர் டொக்கென்று தொட்ட இடத்தில் இவன் சம்மட்டி இறங்கணும். பேச்சே இல்லாத பாடம். அப்புறம்தான் குறடு இவன் கைக்கு வரும்.

ஏழு ஊருக்கு ஒரு துருத்தி

குறுந்தொகை 172-ம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார் ஒரு உவமை சொல்கிறார். ஏழு ஊருக்குப் பொதுவா ஒரே ஒரு உலை. அந்த உலையின் மிதிதோல் துருத்தி ஓய்வே இல்லாமல் தவிப்பது போலத் தலைவியின் நெஞ்சு தவிக்குதாம். நம்ம கம்பெனிகளில் ஏழு கிளையண்டுக்கு ஒரே டெவலப்பர் போடுவதை அந்த அம்மா அப்பவே எழுதிட்டாங்க! காதல் பாட்டுதான். ஆனா ஒரு பொருளாதாரச் செய்தியும் அதில் ஒளிஞ்சிருக்கு. கொல்லர்கள் குறைவு, வேலை நிறைய, துருத்தி காலால் மிதிப்பது.

புறநானூறு 95-ல் ஔவையார் தொண்டைமானிடம் தூது போய், உன் ஆயுதமெல்லாம் எண்ணெய் பூசிப் பளபளப்பா இருக்கு, அதியமானுடையதோ நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறையில் கிடக்கு என்று 'புகழ்ந்துட்டு' வருவாரே, அங்கேயும் கதை முடியும் இடம் பட்டறைதான்.

இந்தக் கைகள்தான் பிற்பாடு உலகம் 'ஊட்ஸ்' என்று கூப்பிட்ட மூசை எஃகைச் செய்தன. கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-லிருந்து செய்த அகழாய்வில் உலைகள் வெளிப்பட்டன. 1790-களில் இந்திய எஃகுத் துண்டுகள் லண்டன் போய் விஞ்ஞானிகள் மேசையில் உட்கார்ந்தன. அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்கு முன்னாடி அவர் மண்டையைக் குழப்பியது நம்ம ஊர் எஃகு. அவர் அப்பா ஒரு கொல்லர் என்பது உபரித் தகவல்.

1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் கம்பெனி ஆதரவோடு பெரிய இரும்பாலை போட்டார். சேலத்துத் தாது, மரக்கரி உலை. கரிக்காகக் காடு கரைந்தது, பணமும் கரைந்தது. இங்கிலாந்திலிருந்து நிலக்கரியில் காய்ச்சின மலிவு இரும்பு கப்பலில் வந்து இறங்க, ஆலையும் படுத்தது, ஊர் உலைகளும் படுத்தன. அதுக்கு அப்புறம் கொல்லருக்கு இரும்பைக் காய்ச்சி எடுக்கும் வேலை போய், வாங்கின இரும்பை அடிக்கும் வேலை மட்டும் மிஞ்சியது.

இன்னைக்கு யார் அடிக்கிறாங்க?

தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் வட மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து அரிவாள், கோடாலி அடிப்பவர்களைப் பார்த்திருப்பீங்க. பெண்கள் சம்மட்டி தூக்கி அடிப்பாங்க. மூலப்பொருள் பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. அருமையான எஃகு அது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தப்போ அடையாறு முழுக்க மரம் சாய்ஞ்சு கிடந்தது. கிளை வெட்டக் கோடாலி தேடினவங்களுக்குத் தெரியும் அதன் அருமை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். மத்திய அரசு 2023 செப்டம்பரில் விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. கொல்லர் உட்பட 18 தொழில்கள், குறைந்தபட்ச வயது 18. குடும்பத் தொழிலாகச் செய்யணும் என்ற நிபந்தனை படிக்க வேண்டிய பையனை அப்பன் தொழிலுக்கே தள்ளும் என்று தமிழக அரசு எதிர்த்தது. 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகக் கொண்டுவந்தது. 25 தொழில்கள், வயது 35-க்கு மேல், குடும்பத் தொழிலா இருக்கணும் என்ற நிபந்தனை இல்லை.

அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கு என்பது என் கருத்து. கொல்லர் மகன் கொல்லராகத்தான் இருக்கணும் என்று யாரும் சொல்லக்கூடாது. அவன் தாராளமா என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஜாவா எழுதட்டும். ஆனா அப்போ அந்தக் கண்ணும் கையும் எங்கே போகும்? பிறப்பால் மட்டுமே கைமாறின ஒரு அறிவு, அந்த வீட்டுப் பையன் வெளியே வந்ததும் அறுந்து போகுது. 35 வயசுக்காரருக்குக் கடன் கொடுக்கலாம். வெள்ளைச் சூட்டை அடையாளம் காணப் பதினெட்டு வயசுக் கண்ணுக்கு யார் கற்றுக் கொடுப்பது?

என் பதில் இதுதான்: எல்லோருக்கும் கற்றுக் கொடுங்க. பொறியியல் முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் கொல்லுப் பட்டறை என்று ஒரு பகுதி பாடத்திட்டத்தில் உண்டு. அறுகோணத் தலை போல்ட் அடிப்பது எப்படி என்று. நான் படிச்ச கல்லூரியில் அது வெறும் செயல்விளக்கம். அறுபது பேர் சுத்தி நின்னு எட்டிப் பார்த்தோம், ரெக்கார்டில் படம் வரைஞ்சோம், கையெழுத்து வாங்கினோம். சம்மட்டி ஒருத்தன் கையிலும் ஏறலை. பட்டறைக்காரர் ஒருத்தரை வாத்தியாராகக் கூப்பிட்டு, உரிய சம்பளம் கொடுத்து, சாதி பார்க்காம ஆளுக்கு ஒரு கோடாலி அடிக்க விட்டிருந்தா? பாதி உடைஞ்சிருக்கும். உடைஞ்ச கோடாலி சொல்லிக் கொடுக்கிற உலோகவியலை எந்தப் பவர்பாயிண்ட்டும் சொல்லித் தராது.

ஐயாயிரம் வருஷப் பெருமையை ஃபார்வர்ட் பண்றது சுலபம். அந்தப் பெருமையில் இன்னும் சூடு இருக்கா என்பது, அடுத்த தலைமுறையில் எத்தனை பேருக்குத் துருத்தி ஊதத் தெரியும் என்பதைப் பொறுத்தது.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு யாராவது மொட்டை மாடியில் உலை போட்டு, ஹவுஸ் ஓனர் சம்மட்டி எடுத்துத் துரத்தினா கம்பெனி பொறுப்பாகாது :-)