சட்டாம்பிள்ளையின் பொறுப்பு

வயதாலும் பாடத்தாலும் வேறுபட்ட பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே ஓர் உபாத்தியாயர் இருந்த திண்ணைப் பள்ளியில், சற்று முன்னேறிய மாணவன் பின்தங்கியவர்களுக்கு எழுத்தும் எண்சுவடியும் சொல்லிக்கொடுப்பது வழக்கமாக இருந்தது. அவர்களுள் மூத்தவனாகவும் தேர்ந்தவனாகவும் இருந்து, உபாத்தியாயர் இல்லாதபோது பள்ளியைக் கவனித்துக்கொண்டவனே சட்டாம்பிள்ளை. அவன் கற்பித்தது பிழையானால் சிறுவர்களின் கல்வியே பிழைபடும் என்பதால், அவனுக்குக் கிடைத்தது வெறும் பட்டமன்று, உண்மையான பொறுப்பு.

பெல்லாரி மாவட்டக் கலெக்டர் ஏ. டி. காம்ப்பெல் 1823-இல் அரசுக்கு எழுதிய அறிக்கையில் இம்முறையை மனமாரப் பாராட்டினார். காலையில் முதலில் வந்த மாணவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்பட்டதையும், இரண்டாமவனுக்குப் புகழும் இகழும் இல்லையென்பதைக் குறிக்கச் சுழியம் இடப்பட்டதையும், மூன்றாமவன் முதலாக அடி ஒவ்வொன்றாகக் கூடியதையும் அவர் குறித்திருக்கிறார். நேரத்துக்கு வருவது பிள்ளையின் சொந்தக் கடமையாகக் கருதப்பட்டது என்பதை இது காட்டுகிறது. அடியின் துணையோடுதான் அது கற்பிக்கப்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இதற்கு முன்பே, சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்காக நடந்த ஆதரவற்றோர் இல்லத்தின் கண்காணிப்பாளராக 1789-இல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், காலையில் குதிரைமீது செல்கையில் உள்ளூர்ப் பள்ளியொன்றில் குழந்தைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்திலும் புகுத்த அவர் முனைந்தபோது, அங்கிருந்த ஆசிரியர்கள் அது நடவாத காரியம் என்று ஒதுக்கிவிடவே, பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் மறுத்ததை அச்சிறுவன் செய்துகாட்டினான். மாணவர்களிடம் கற்பிக்கும் பணியை ஒப்படைத்ததோடு பெல் நிற்கவில்லை. குற்றங்களை ஒரு கறுப்பு ஏட்டில் பதிந்து, வாரந்தோறும் மாணவர்களே நடுவர்களாக அமர்ந்து தீர்ப்புரைக்கவும் வழிசெய்தார். சக மாணவனின் தவற்றை எடைபோடும் பிள்ளை தன் நடத்தையையும் எடைபோடப் பழகுவான் என்பதால், அவர் செய்தவற்றுள் இதுவே ஆழமானது.

மாணவர்களைக் கொண்டே கற்பிக்கும் இம்முறை, 1797-இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலால் 'சென்னை முறை' என்று பெயர் பெற்று, 1811-இல் தோன்றிய தேசியச் சங்கத்தின் பள்ளிகள் வழியாக இங்கிலாந்தெங்கும் பரவியது. ஆயினும் நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஓர் ஆசிரியரின் கீழ்க் குறைந்த செலவில் அடக்கிவைக்கும் வசதியே அங்கு அதிகம் விரும்பப்பட்டது. சிறுவன்மீது வைத்த நம்பிக்கை தேய்ந்து, மனப்பாடம் ஒப்பிக்கவைக்கும் கூலியில்லா வேலையாள் ஆனான் அவன். 1846-இல், 13 வயது நிரம்பியவர்களை ஐந்தாண்டுப் பயிற்சியில் உதவித்தொகையோடு அமர்த்தும் மாணவ ஆசிரியர் திட்டம் வந்தபின் பழைய முறை மெல்ல விலகியது.

இம்முறையின் தாயகத்திலும் சட்டாம்பிள்ளையின் பொறுப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்க்கவில்லை. ஆளுநர் தாமஸ் மன்றோ 1826-இல் தொகுத்தளித்த கணக்கின்படி, சென்னை மாகாணத்தின் 12,498 பள்ளிகளில் பயின்ற 1,88,650 பேருள் பெண்கள் 4,540 பேரே. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கோ திண்ணையேறவே பெரும்பாலும் இடமில்லை. அவர்கள் வயலிலும் வீட்டிலும் சுமந்த பொறுப்புகள் சட்டாம்பிள்ளையின் பொறுப்பைவிடக் கனமானவையாயிருந்தும், அவற்றைக் கல்வியென்று மதித்து எழுதிவைக்க எந்தக் கலெக்டரும் முன்வரவில்லை.