கடல் மேலே பாதை ஏது? பழைய விமானங்கள் வழி கண்ட கதை



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் போய் வந்தார். வந்ததும் போன் செய்தார். "சார், ஜன்னல்ல பார்த்தா ரெண்டு மணி நேரமும் வெறும் தண்ணிதான். ஜி.பி.எஸ். வர்றதுக்கு முன்னாடி எப்படி சார் கரெக்டா போய் இறங்கினாங்க?" நல்ல கேள்வி. போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிலில் பாதி நம் பொம்மையார்பாளையம் கடற்கரையிலேயே இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் வலை போட்ட இடத்தை மறுநாள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கரையில் ஒரு பனைமரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரத்தையும் நேராக வைத்துப் பார்ப்பார்கள். வேறு பக்கம் இன்னொரு ஜோடி அடையாளம். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் அவர்கள் இருக்கும் இடம். கரை மறைந்த பிறகு அடையாளம் கிடையாது. எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம் வந்தோம் என்ற கணக்குதான். விமானம் செய்ததும் இதே இரண்டு வேலைகள்.

ஏர் இந்தியாவுக்கு முதல் போயிங் 747 விமானம் 1971இல் வந்தது. அந்த ரக விமானங்களில் ஐ.என்.எஸ். என்ற கருவி இருந்தது. சுழலும் ஜைரோஸ்கோப்புகளும் முடுக்கத்தை அளக்கும் கருவிகளும் சேர்ந்த பெட்டி அது. புறப்படும் முன் விமானி தான் நிற்கும் இடத்தின் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு எண்களைத் தட்டிக் கொடுப்பார். பிறகு அது வெளியே எதையும் பார்க்காது. விமானம் எந்தப் பக்கம் எவ்வளவு வேகம் பிடித்தது என்பதை மட்டும் உணர்ந்து, அதிலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து தூரத்தையும் கூட்டிக்கொண்டே போகும். அதற்கு முன் நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்குப் போட நேவிகேட்டர் என்று ஒருவர் கூடவே பறந்த காலம் உண்டு. அந்த வேலையை இந்தப் பெட்டி எடுத்துக்கொண்டது.

ஒரு குறை மட்டும் உண்டு. கணக்கில் முதல் வரியில் விட்ட பிழை கடைசி வரி வரை வளரும் அல்லவா? அதைப் போல மணிக்கு ஒன்று அல்லது இரண்டு கடல் மைல் அளவுக்குப் பிழை சேரும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,370 கி.மீ., இரண்டு மணி நேரப் பயணம். போய்ச் சேரும்போது 4 முதல் 7 கி.மீ. வரை தள்ளி இருக்கலாம். நடுக்கடலில் இதனால் ஆபத்தில்லை. ஓடுபாதையைத் தேடும்போது இது பெரிய தூரம்.

1980களில் எஃப்.எம்.எஸ். என்ற விமானக் கணினி வந்தது. இந்தியன் ஏர்லைன்ஸ் 1989இல் வாங்கிய ஏர்பஸ் ஏ320 விமானங்களிலும் அது இருந்தது. அது ஐ.என்.எஸ். போன்ற பெட்டிகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, தரையில் உள்ள டி.எம்.இ. நிலையங்களுக்குச் சைகை அனுப்பும். பதில் வரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும். ஒரு நிலையத்திலிருந்து 100 கி.மீ. என்றால், அந்த நிலையத்தை மையமாக வைத்து வரைந்த வட்டத்தின் மேல் எங்கோ இருக்கிறோம். இரண்டாவது நிலையத்துக்கு இன்னொரு வட்டம். காம்பஸ் வைத்து நாம் வரைந்தது நினைவிருக்கிறதா? இரண்டு வட்டங்கள் இரண்டு புள்ளிகளில் வெட்டும். எது சரி? ஏற்கெனவே போட்டு வைத்த கணக்குக்கு அருகில் இருப்பதே சரி. இப்படிச் செய்தால் பிழை சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். வங்கக் கடலின் நடுவில் டி.எம்.இ. எட்டாது, அங்கே பழைய கணக்குதான். மறுகரை நெருங்கி நிலையம் கிடைத்ததும் கணினி தன்னைத் திருத்திக்கொள்ளும். திரையில் வரைபடம் சட்டென்று நகர்வதை விமானிகள் பார்ப்பார்கள்.

போட்ட கணக்கை வெளியே உள்ள ஒன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் இந்தப் பழக்கம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை விமான நிலையத்தின் பக்கத்தில் உள்ள பரங்கிமலை அருகேதான் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் தன் அடிக்கோட்டை அளந்தார். சுமார் 12 கி.மீ. கோட்டைச் சங்கிலி வைத்து அளக்க 57 நாள் ஆயிற்று. அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டுப் பெங்களூர் வரை போனார். போனவர் கணக்கை நம்பிச் சும்மா இருக்கவில்லை. அங்கே இன்னொரு கோட்டை மறுபடியும் தரையில் அளந்து ஒப்பிட்டார். வித்தியாசம் சில அங்குலம்தான்.

கருவி சரியாக இருந்தும் சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு துயரமான சம்பவங்கள்.

1979 நவம்பர் 28. நியூசிலாந்திலிருந்து அண்டார்டிகாவைச் சுற்றிப் பார்க்கப் போன டி.சி.-10 விமானம். முன்பு யாரோ 166 என்று அடிக்க வேண்டிய தீர்க்கக்கோட்டை 164 என்று அடித்துவிட்டார்கள். அந்தத் தவறான பாதை கடலின் மேல் போனது, ஆபத்தில்லாதது. புறப்படுவதற்கு முந்தைய இரவு எண்ணைத் திருத்தினார்கள், ஆனால் விமானிகளுக்குச் சொல்லவில்லை. திருத்திய பாதை எரிபஸ் மலைக்கு நேராகப் போனது. விமானிகள் கடலின் மேல் இருப்பதாக நினைத்துக் கீழே இறங்கினார்கள். மேகமும் பனியும் ஒரே வெள்ளையாக இருந்ததால் மலை தெரியவில்லை. 257 பேரும் இறந்தார்கள். கருவி தனக்குக் கொடுத்த எண்ணின்படியே சரியாகத்தான் போனது.

1983 செப்டம்பர் 1. அலாஸ்காவிலிருந்து சியோலுக்குப் போன கொரிய விமானம். ஐ.என்.எஸ். பெட்டி மூன்று இருந்தன. ஆனால் தானியங்கிக் கருவி அவற்றின் சொல் கேட்காமல் ஒரே திசையைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. பல நூறு கிலோமீட்டர் விலகி சோவியத் எல்லைக்குள் போன அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 உயிர்கள். ஜி.பி.எஸ். தயாரானதும் உலக மக்கள் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா அந்த மாதமே அறிவித்தது.

164, 166 என்று எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. நான் வகுப்பாசிரியராக இருந்தபோது ஒரு பையனின் மாற்றுச் சான்றிதழில் பிறந்த வருடத்தில் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டேன். பார்த்து எழுதியவன் நான், திரும்பப் படிக்காதவனும் நான்தான். அவன் வேலைக்குப் போன இடத்தில்தான் அது தெரிந்தது. திருத்தி வாங்க ஒன்றரை வருடம் அலைந்தான். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். மன்னித்துக்கொள்.

ஜி.பி.எஸ். வந்த பிறகும் இன்னொரு சிக்கல் இருந்தது. லாம்டன் வழி வந்த நம் பழைய நிலப்படங்கள் எவரெஸ்ட் கணித்த பூமி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். வேறு வடிவத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஒரே இடத்தின் எண்கள் இரண்டிலும் 100 மீட்டருக்கு மேல் மாறும். அதனால் 1998 ஜனவரி 1 முதல் உலக விமானப் போக்குவரத்து முழுவதற்கும் ஒரே அளவுமுறை என்று வகுத்தார்கள். நம் நாட்டின் ககன் அமைப்பு 2015இல் வந்தது. அது ஜி.பி.எஸ்.ஸின் பிழையைத் தரை நிலையங்களில் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்புகிறது. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ராஜஸ்தானின் கிஷன்கரில் அதை வைத்து இறங்கியது.

அப்படியானால் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்தை ஒட்டிப் பொய்யான ஜி.பி.எஸ். சைகைகள் வந்து விமானங்களைக் குழப்பிய செய்தியைப் படித்திருப்பீர்கள். வெளியே எதையும் கேட்காத அந்தப் பழைய பெட்டியை வெளியிலிருந்து யாரும் ஏமாற்ற முடியாது. தரை நிலையங்களும் இன்னும் தேவை. ஒன்று சொல்வதை மற்றொன்றோடு ஒப்பிட்டால்தான் பொய் தெரியும்.

பரீட்சையில் கடைசி பத்து நிமிடம் விடையைச் சரிபாருங்கள் என்று நான் கத்தியபோது அலுத்துக்கொண்டீர்கள். இன்று உங்களில் பலர் மருந்துச் சீட்டு, வங்கிக் கணக்கு, பட்டா, நிலப்படம் என்று அடுத்தவர் வாழ்க்கையின் எண்களைக் கையில் வைத்திருக்கிறீர்கள். ஒருமுறை திரும்பப் படியுங்கள். மாற்றினால் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லுங்கள்.

விமானத் துறையில் இருக்கும் என் மாணவர்கள் இதில் பிழை கண்டால் கீழே எழுதுங்கள். சரிபார்த்துத் திருத்திக்கொள்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.