சேமநிதியும் குறைந்தபட்ச ஊதியமும்: மலேசியத் தொழிலாளர் குடும்பங்களின் பொருளாதார உறுதிப்பாடு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

குறைந்த வருமானம் பெறும் தொழிலாளர் குடும்பம் பொருளாதார உறுதி பெற அரசு இரண்டு வழிகளில் துணைநிற்க இயலும். ஒன்று, ஈட்டும் ஊதியத்தில் ஒரு பகுதியைச் சேமிக்கச் செய்தல். மற்றொன்று, அவ்வூதியமே ஓர் அளவிற்குக் கீழே இறங்காமல் காத்தல். நம் நாட்டில் முதல் வழி 1951ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. இரண்டாவது வழி, எல்லாத் தொழில்களையும் தழுவிய ஊதிய ஆணையாக 2013ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கு எத்தகையனவாக அமைந்தன என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

நிர்ணய ஊதியக் காலம்

ஊதியத்திற்கு அரசு அளவு குறிக்கும் வழக்கம் மலாயாவிற்குப் புதியதன்று. 1920களில் காலனித்துவ அரசு தென்னிந்தியத் தொழிலாளர்க்கு ‘நிர்ணய ஊதியம்’ வகுத்தது. முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் வழங்கப்பட்டன. ஆயின், உலகப் பொருளாதார மந்தம் ஏற்பட்டபோது 1930இல் அவ்வூதியம் முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பின்னர் உயர்ந்த ஊதியம் 1938இல் மீண்டும் 50 காசிலிருந்து 45 காசாக வெட்டப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்ததற்கு இதுவே உடனடிக் காரணமாயிற்று. அளவு ஒன்று இருந்தது உண்மையே. ஆனால் அது ரப்பர் விலையோடு சேர்ந்து இறங்கும் அளவாக இருந்தது. குடும்பத்தைத் தாங்கும் தளமாக அது அமையவில்லை.

சேமநிதியின் வருகை

போருக்குப் பின், 1951ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் தொழிலாளி ஊதியத்தில் 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் செலுத்தினர். 1975ஆம் ஆண்டு வரை இவ்விகிதம் மாறவில்லை. நாள்கூலிக் குடும்பத்தின் பெயரில், முதலாளியின் பங்கும் சேர்ந்து, கைபடாத ஒரு தொகை வளர வழிவகுத்தது இச்சட்டம். இது சிறிய மாற்றமன்று. தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவருக்கு வேலை முடியும் நாளே வீடு இழக்கும் நாளுமாகும். ஐம்பத்தைந்து வயதில் கிடைத்த சேமநிதியே பல குடும்பங்களுக்குத் தோட்டத்திற்கு வெளியே ஒரு கூரையைத் தேடித் தந்தது.

எனினும், விழுக்காட்டு முறைக்கு இயல்பானதொரு வரம்பு உண்டு. பத்தில் ஒரு பங்கு என்பது எதன் பங்கு என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகிறது. ஊதியம் மெலிந்திருக்கும் இடத்தில் சேமிப்பும் மெலிந்தே இருக்கும். 1947ஆம் ஆண்டின் ஊதிய மன்றச் சட்டத்தின்கீழ்க் கடைச் சிப்பந்திகள், உணவக-தங்கும் விடுதி ஊழியர்கள், திரையரங்க ஊழியர்கள், பினாங்குத் துறைமுகச் சுமைத் தொழிலாளர் போன்றோருக்கே ஊதிய ஆணைகள் அமைந்தன. தோட்டத் தொழிலாளர் அவ்வட்டத்தில் இடம்பெறவில்லை. அவர்தம் ஊதியம் தொழிற்சங்கத்திற்கும் தோட்ட முதலாளிகள் சங்கத்திற்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தங்களால் முடிவு செய்யப்பட்டது. ரப்பர் விலையும் மழைநாளும் மாதச் சம்பளத்தைத் தொடர்ந்து அசைத்தன. மாதந்தோறும் அசையும் ஊதியத்தின்மேல் முதுமைக்கான சேமிப்பு எழுப்பப்பட்டது என்பதே இக்காலத்தின் முரண்.

குறைந்தபட்ச ஊதியம்

2011ஆம் ஆண்டின் தேசிய ஊதிய ஆலோசனை மன்றச் சட்டம் இம்முரணை முதன்முறையாக நேரடியாக அணுகியது. அதன்கீழ் 2013 ஜனவரியில் தீபகற்ப மலேசியாவில் 900 ரிங்கிட்டும் சபா, சரவாக் மாநிலங்களில் 800 ரிங்கிட்டும் குறைந்தபட்ச மாத ஊதியமாயின. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு என்பது 50 காசு, 40 காசு என்ற பழைய பாகுபாட்டை நினைவுகூர்வார்க்குக் கருதத்தக்கது. பின்னர் நாடு முழுமைக்கும் ஒரே அளவு 2019இல் ஏற்பட்டது. 2022 மே மாதம் 1,500 ரிங்கிட்டாகவும், 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாகவும் இவ்வளவு உயர்ந்தது.

இவ்வுயர்வைச் சேமநிதியோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். தொழிலாளி 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் செலுத்தும் நிலையில், 900 ரிங்கிட் ஊதியத்திற்கு மாதம் 216 ரிங்கிட் சேமிப்பாகிறது. 1,700 ரிங்கிட்டிற்கு அதுவே 408 ரிங்கிட்டாகிறது. விகிதம் மாறவில்லை, தளம் மட்டுமே உயர்ந்தது. ஆயினும், வீட்டுப் பணியாளர் இவ்வூதிய ஆணைகளின் வரம்பிற்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டனர் என்பதையும் இங்குச் சுட்டுதல் கடமையாகும்.

நோய்த்தொற்றுக் காலச் சோதனை

இவ்வமைப்பின் வலிமையை 2020 முதல் 2022 வரையிலான நோய்த்தொற்றுக் காலம் சோதித்தது. வருமானம் நின்ற குடும்பங்கள் தம் சேமநிதியிலிருந்தே பணமெடுக்க நான்கு திட்டங்கள் அனுமதித்தன. மொத்தம் 145 பில்லியன் ரிங்கிட் வெளியேறியது. அடுப்பெரிய அது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், நிறையச் சேமித்தவர்க்கு அது குறைவு. கொஞ்சமே சேமித்தவர்க்கு அது வெறுமை. இன்றைய பசிக்கு நாளைய முதுமையே ஈடாயிற்று. 2024 மே மாதம் அவசரத் தேவைக்கென மூன்றாவது கணக்கொன்று உருவாக்கப்பட்டமை இவ்வனுபவத்தின் பின்னணியில் நோக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் நாம் பெறும் முடிவு ஒன்றே. சேமிப்புச் சட்டம் ஊதியப் பாதுகாப்புக்கு மாற்றாகாது. அதன்மேல் எழுந்தால்தான் அது நிலைபெறும். நம் வரலாற்றில் கூரை முன்னே வந்தது. தளம் அறுபது ஆண்டுகள் கழித்தே வந்தது. தளமும் ஒருமுறை இட்டால் போதுவதன்று. ஈராண்டுக்கு ஒருமுறையேனும் ஊதிய ஆணையை மறு ஆய்வு செய்யவேண்டுமெனச் சட்டம் பணிப்பது இதனாலேயே.

தோட்டப்புற வரலாற்றைக் கற்பிக்கையில் கங்காணியையும் பால்மரத்தையும் நாம் தவறாது குறிப்பிடுகிறோம். தாத்தாவின் சம்பளச் சீட்டும் பாட்டியின் சேமநிதி அறிக்கையும் அவற்றிற்கு இணையான வரலாற்று ஆவணங்களே. பல இல்லங்களில் அவை இன்னும் தகரப் பெட்டியில் கிடக்கின்றன. அவை கறையான் வாய்ப்படுமுன் மாணவர் கையில் எடுத்துப் படிக்கச் செய்தல் நம் பணியாகும்.