திரிகால செபம்

தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் வழங்கும் பழைய சொல் திரிகால செபம். இப்போதைய செபப் புத்தகங்களில் அது மூவேளைச் செபம் ஆகிவிட்டது. காலை 6 மணி, பகல் 12 மணி, மாலை 6 மணி என மூன்று வேளையும் கோயில் மணி ஒலிக்கும்போது சொல்லும் செபம் அது. லத்தீனில் இதற்கு 'ஆஞ்செலுஸ்' என்று பெயர். வானதூதர் என்று பொருள். அந்தச் செபம் தொடங்குவதே இந்தச் சொல்லில்தான். முதற்சொல்லைப் பெயராக வைப்பது லத்தீன் வழக்கம். தமிழர்கள் முதற்சொல்லைத் தேடவில்லை. எப்போது சொல்வது என்பதையே பெயராக்கிக்கொண்டார்கள். செபிக்க நேரமில்லை என்று வருந்துகிறவர்களுக்கு இந்தப் பெயரில் நிறைய இருக்கிறது.

திரிகாலம் வடமொழிச் சொல். அதற்கு இரண்டு பொருள் உண்டு. சென்றது, நிகழ்வது, வருவது ஆகிய மூன்றும் சேர்ந்தது ஒரு திரிகாலம்; முக்காலமும் உணர்ந்தவரைத் திரிகால ஞானி என்கிறோம். ஒரு நாளுக்குள் வரும் காலை, உச்சி, மாலை மற்றொரு திரிகாலம். சிவன் கோயில்களில் உச்சிக்காலம், சாயரட்சை என்று பூசை வேளைகளைச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். கிறிஸ்தவம் இங்கே வேர்பிடித்தபோது பக்கத்துத் தெருவில் புழங்கிய சொற்களைத் தயங்காமல் எடுத்துக்கொண்டது. ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட தமிழ் நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. தம்பிரான் என்பது சைவ மடங்களில் இன்றும் வாழும் சொல். திருப்பலிக்குப் பூசை என்றுதான் பெயர் இருந்தது. பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம் என்று செபங்களெல்லாம் மந்திரங்களாகவே வழங்கின. எழுபது வயது தாண்டிய பாட்டிமார் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். திரிகாலமும் அந்த வரிசையில் வந்த சொல். ஆனால் அதற்கான வழக்கம் பழையது. தானியேல் நாளுக்கு மூன்று முறை எருசலேமை நோக்கி முழந்தாளிட்டதாக விவிலியம் சொல்கிறது. கர்த்தர் கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி 'திதாக்கே' என்ற தொடக்ககாலத் திருச்சபை நூல் அறிவுறுத்துகிறது.

அடுத்து செபம். வடமொழி ஜபம் என்றால் வாய்க்குள் மெல்லச் சொல்வது, திரும்பத் திரும்பச் சொல்வது. கத்தோலிக்கர் இதைச் செபம் என்றும், சீர்திருத்த சபையார் ஜெபம் என்றும் எழுதுகிறார்கள். ஓர் எழுத்தைப் பார்த்தே எழுதியவர் எந்தச் சபை என்று சொல்லிவிடலாம். 1995-இல் வந்த திருவிவிலியம் 'இறைவேண்டல்' என்ற தனித்தமிழ்ச் சொல்லைக் கையாண்டது. கேட்டு மன்றாடும் செபங்களுக்கு அது பொருத்தமான, அழகான சொல். ஆனால் திரிகால செபத்தில் வேண்டுதல் குறைவு, நினைவுகூர்தல்தான் மிகுதி. வானதூதர் மரியாவிடம் வந்தது, மரியா சம்மதித்தது, வாக்கு மனிதரானது: மூன்றே சிறு வசனங்கள். ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு மங்கள வார்த்தை செபம்; முடிவில்தான் ஒரு மன்றாட்டு. வேலைக்கு நடுவே வாய்க்குள் சொல்லி முடித்துவிடலாம். முணுமுணுப்பைக் குறிக்கும் செபம் என்ற பழைய சொல்லே இதற்குச் சரி என்பது என் எண்ணம்.

மூன்று வேளையும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் வந்தது மாலை மணி. 13-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவியர் மாலையில் மணியடித்து மரியாவை வாழ்த்தும் பழக்கத்தைப் பரப்பினார்கள். 1318-இல் திருத்தந்தை 22-ஆம் யோவான் அதை ஊக்குவித்தார். அந்தக் காலத்து ஐரோப்பிய ஊர்களில் இரவு தொடங்கும்போது இன்னொரு மணியும் உண்டு; அடுப்பு நெருப்பை மூடிவிட்டுப் படுக்கச் சொல்லும் மணி. ஊரடங்குக்கு ஆங்கிலத்தில் நாம் சொல்லும் 'கர்ஃபியூ', 'நெருப்பை மூடு' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நெருப்பை மூடும் வேளையும் செபிக்கும் வேளையும் அக்கம்பக்கமாக இருந்தன. பின்பு காலை மணி சேர்ந்தது. கடைசியாக வந்தது பகல் மணி. 1456-இல் துருக்கிப் படை பெல்கிரேடை நெருங்கியபோது, பகலிலும் மணியடித்து மன்றாடும்படி திருத்தந்தை 3-ஆம் கலிஸ்து ஆணையிட்டார். ஹங்கேரிய மக்கள் இன்றும் நண்பகல் மணியை அந்தப் போரோடு சேர்த்தே நினைக்கிறார்கள்.

பகல் வேளைக்கு ஆங்கிலத்தில் உள்ள 'நூன்' என்ற சொல்லும் செபத்திலிருந்து பிறந்ததுதான். லத்தீனில் 'நோனா' என்றால் ஒன்பதாம் மணி, அதாவது பிற்பகல் 3 மணி. துறவு மடங்களில் அப்போது சொல்லிவந்த செபம் மெல்ல மெல்ல முன்னுக்கு நகர்ந்து உச்சிப்பொழுதுக்கு வந்தது. செபத்தோடு பெயரும் நகர்ந்துவிட்டது. கடிகாரத்துக்கான 'கிளாக்' என்ற சொல்லின் வேரோ, மணியைக் குறிக்கும் 'கிளோக்கா' என்ற லத்தீன் சொல்.

தமிழில் மணிக்கும் நேரத்துக்கும் செபத்துக்கும் உள்ள இந்த உறவு இன்னும் நெருக்கம். அடிக்கிற வெண்கலமும் மணி, அது காட்டுகிற நேரமும் மணி, செபமாலையில் விரல் உருட்டுவதும் மணி. முத்துக்குளித்துறையில் தமிழ்ச் செபமே மணியோசையோடுதான் கேட்கத் தொடங்கியது. மறைபரப்பாளரான புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் அந்தக் கரைக்கு வந்தார். உள்ளூர் ஆட்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களையும் ஆண்களையும் கூட்டி, நாளுக்கு இரண்டு முறை அவற்றைச் சொல்லிக்கொடுத்ததாக 1544-இல் எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார்.

அந்தக் கடற்கரை ஊர்களில் மாலை மணியைக் கேட்டவர்களுக்கு இந்த நெருக்கம் புரியும். கோயில்பிள்ளை கயிற்றை மும்மூன்றாக இழுப்பார். மூன்று அடி, சற்று இடைவெளி, மறுபடி மூன்று, மறுபடி இடைவெளி, மறுபடி மூன்று. பிறகு விடாமல் நீளும் மணி. ஒவ்வொரு மூன்றும் ஒரு வசனத்துக்கு, இடைவெளி ஒரு மங்கள வார்த்தை செபத்துக்கு. முதல் அடியிலேயே திண்ணைப் பேச்சு பாதியில் நிற்கும். வலை பழுதுபார்க்கிறவர் வலையை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து தலைத்துண்டை அவிழ்ப்பார். மீன்கூடை இறக்கிய பெண் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முந்தானையைத் தலையில் இழுத்துவிடுவாள். மூன்று நிமிடம்கூட ஆகாது. அதன் பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சும் தொடரும், பேரமும் தொடரும். அங்கே யாரும் செபத்துக்கென்று நேரம் ஒதுக்கியதில்லை. வேளை வந்தது, நின்றார்கள்.

இப்போது நாம் செபத்துக்கு நேரம் 'கிடைக்கவில்லை' என்கிறோம், காணாமல்போன பொருளைத் தேடுகிறவர்கள்போல. ஷிப்ட் வேலை, பிள்ளைகளின் டியூஷன், பஸ் நெரிசல் எல்லாம் உண்மைதான். அரை மணி நேரக் குடும்ப செபத்துக்கு எல்லா வீட்டிலும் எல்லா நாளும் வழியில்லை. அதைச் சொல்லி யாரையும் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் பகல் 12 மணி எல்லோருக்கும் வருகிறது. மருத்துவமனை வார்டில் மருந்துத் தட்டோடு நிற்கும் செவிலியருக்கும் வருகிறது, துணிக்கடையில் நாளெல்லாம் கால்கடுக்க நிற்கும் பெண்ணுக்கும் வருகிறது. புத்தகம் வேண்டாம், முழந்தாளிட இடம் வேண்டாம். மனப்பாடமாகத் தெரிந்த மூன்று வசனங்கள் போதும். சீர்திருத்த சபைக்காரர் தமக்குப் பழகிய சங்கீதத்தையோ பரமண்டல ஜெபத்தையோ சொல்லிக்கொள்ளலாம். தானியேல் எல்லோருக்கும் பொதுவானவர்.

காலை மணியும் மாலை மணியும் பல ஊர்களில் பூசை மணியோடு கலந்தாவது ஒலிக்கின்றன. கேட்க ஆளில்லை என்று முதலில் கைவிடப்படுவது பகல் மணிதான். உங்கள் பங்கில் அது நின்றுபோயிருந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள். நாளைப் பகல் 12 மணிக்கே மறுபடி அடிக்கட்டும்.