வெட்டுமரமும் பழம் புகைப்படங்களும்: மதுரங்குளிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையில் எடுக்கப்பட்ட புகைப்படத் தொகுதிகளைப் புரட்டுவோர், பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே ஒரே வளைவாக நின்ற மரப்பாலத்தைத் திரும்பத் திரும்பக் காண்பர். 1830களின் தொடக்கத்தில் கட்டப்பட்டு 1905 வரை நிலைத்த அப்பாலத்தின் வளைவு ஏறத்தாழ 205 அடி அகலமுடையது, முதிரை மரத்தாலானது. ஸ்கீன், ஸ்கோவன் ஆகிய நிறுவனத்தார் காலத்தில் அது நாட்டின் காட்சிப் பொருள்களுள் ஒன்றாகவே மதிக்கப்பட்டது. ஆயின் முதிரை மலைநாட்டு ஈரக்காட்டு மரமன்று. உலர் வலயத்துக்கு உரியது. எனவே அம்மரங்கள் உலர்காட்டில் வெட்டப்பட்டு மலைநாட்டுக்கு ஏற்றப்பட்டிருத்தல் வேண்டும். பாலம் படத்தில் உண்டு. மரத்தை வெட்டியவன் இல்லை. இவ்வின்மை தற்செயலானதா என்பதே ஈண்டு எழும் வினா.

இவ்வினாவை மதுரங்குளியில் நின்று நோக்குவது பயன் தரும். சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் வீதியில், முந்தலுக்கும் பாலாவிக்கும் இடையே அமைந்தது இவ்வூர். மேற்கே முந்தல் ஏரி, புத்தளம் களப்பு, ஒல்லாந்தர் காலக் கால்வாய் ஆகிய நீர்வழிகள். கிழக்கே பாலை, வீரை, முதிரை, சாவண்டலை, கருங்காலி ஆகியன வளரும் உலர்காடு. இப்பகுதியை உப்பும் தேங்காயும் கொண்டே அறிமுகஞ் செய்வது நம்மவர் வழக்கம். அத்தென்னந்தோட்டங்கள் பலவும் காடழித்து எழுந்தவை என்பதை எவரும் நினைப்பதில்லை.

காடும் நீர்வழியும் அருகருகே இருந்தும் இக்கரையில் மரம் அரியும் ஆலையைச் சூழ்ந்த நகரம் ஒன்றேனும் தோன்றவில்லை. அமெரிக்காவின் பசிபிக் கரையிலோ அத்தகைய நகரங்கள் பல எழுந்தன. வாசிங்டன் மாநிலத்துப் போர்ட் காம்பிளில் 1853இல் தொடங்கிய ஆலை 1995 வரை இயங்கியது. ஆலையும் வீடுகளும் கடையும் ஒரே கம்பனிக்கு உரியனவாயிருந்தன. அங்கு ஒரே இன ஊசியிலை மரங்கள் அடர்ந்து நின்றன. அவை நீரில் மிதப்பன. வெட்டிய மரத்தை ஆறும் கடலுமே ஆலை வாயிலுக்குக் கொணர்ந்து சேர்த்தன. நமது உலர்காட்டிலோ பயன்மரங்கள் பிற மரங்களிடையே சிதறி நிற்பன. பாலையும் கருங்காலியும் நீரில் இட்டால் அமிழ்ந்துவிடும். மீ ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் ஆண்டில் பல மாதம் மணலாகவே கிடப்பன. ஆகவே மரம் ஆலையைத் தேடிச் செல்லவில்லை. வாள்தான் மரத்தைத் தேடிச் சென்றது.

அவ்வாளின் வேலையைச் சற்று விரித்துரைத்தல் தகும். விழுந்த மரத்தைக் கோடரியால் நாற்சதுரமாகச் செதுக்குவர். பின் நிலத்தில் ஆளுயரக் குழி தோண்டி, அதன்மேல் குறுக்குக் கட்டைகளை இட்டு, மரத்தை அவற்றின்மீது கிடத்துவர். ஒருவன் மேலே நின்றும் மற்றொருவன் குழிக்குள் நின்றும் நீண்ட வாளை இழுப்பர். கோட்டின்வழி வாளைச் செலுத்துவது மேலவன் பொறுப்பு. கீழவனுக்கு வாய்ப்பது கண்ணிலும் மூக்கிலும் விழும் மரத்தூள். முதிரையின் தூள் தோலில் அரிப்பையும் உண்டாக்குவது. பலகை ஆனதும் மாட்டு வண்டியே அதனைக் காட்டிலிருந்து வெளிக்கொணரும். வேலை முடிந்தால் குழி எஞ்சும்; மழையில் அதுவும் தூர்ந்துவிடும். ஆலை நகரங்கள் புகைபோக்கியையும் தண்டவாளத்தையும் விட்டுச் சென்றன. இத்தொழில் நிலத்தில் எதனையும் விட்டுச் செல்லவில்லை.

சட்டத்தின் பார்வையிலும் வெட்டுபவன் நிழலாகவே நின்றான். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காட்டையும் தரிசையும் மறுதலையாக நிறுவப்படும்வரை முடிக்குரியன என்று கொண்டது. 1882இல் இந்தியக் காட்டுச் சேவையைச் சேர்ந்த வின்சென்ட் இலங்கைக் காடுகளை ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1885இல் காட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1887இல் காட்டுத் திணைக்களம் அமைந்தது. அதன்பின் அனுமதிச் சீட்டோடு வெட்டியவன் ஒப்பந்தகாரனின் கணக்கில் ஓர் எண்ணானான். சீட்டின்றி வெட்டியவனின் பெயர்தான் நீதிமன்ற ஏட்டில் ஏறியது. குற்றவாளியாயினாலன்றிப் பெயர் பெற இயலாத நிலை இது.

இனிப் புகைப்படங்களுக்கு வருவோம். மரத்தொழிலைக் காட்டும் இலங்கைப் படங்கள் உண்டு. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை யானைப் படங்கள். சங்கிலியால் மரத்தை இழுக்கும் யானை, தந்தத்தாலும் துதிக்கையாலும் மரம் புரட்டும் யானை ஆகியன அஞ்சலட்டைகளாகவும் கடல் கடந்தன. யானைப்பாகன் அருகில் நிற்பான். அவன் பெயரும் ஊரும் பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. ஈரத்தட்டு முறையில் படமெடுக்கப் பல நொடிகள் தேவைப்பட்டன, காட்டின் இருளில் வாளிழுப்போரைப் படமாக்க இயலாது என்று இதற்குக் காரணம் கூறலாம். 1880களில் உலர்தட்டு பரவிய பின்னும் நிலைமை பெரிதும் மாறாமையால் இக்காரணம் முழுமையானதன்று.

வாசிங்டன் காடுகளில் 1890 முதல் ஏறத்தாழ ஐம்பதாண்டு படமெடுத்த டேரியஸ் கின்சியின் தொழில் இதனைத் தெளிவாக்கும். பெரிய கண்ணாடித் தட்டுகளைச் சுமந்து அவர் வெட்டுமுகாம்களுக்குச் சென்றார். அவர் மனைவி தபித்தா வீட்டு இருட்டறையில் அவற்றைக் கழுவிப் படியெடுத்தார். அக்காடும் இருண்டதே, மரவெட்டிகள் அடிமரத்தின் வெட்டுவாயில் கைகட்டி அசையாது நின்றனர். அப்படங்களை வாங்கியோரும் அம்மரவெட்டிகளே. தம் உருவத்தை ஊருக்கு அனுப்பத் தம் கூலியிலிருந்து காசு கொடுத்தனர். கொழும்பிலும் கண்டியிலும் படம் வாங்கியோரோ தோட்டத்துரைமாரும் கப்பற் பயணிகளும். புத்தளத்து வாட்காரனின் முகம் அவர்களுக்கு எதற்கு? படத்தின் எல்லையைக் கட்டியது ஒளியன்று, வாங்குபவனின் விருப்பம் என்பதே என் கருத்து.

விலைக்கென எடுக்காதவர் நிலையும் எண்ணத்தக்கது. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்த யூலியா மார்கரெட் கமரன், சாதாரணத் தொழிலாளரின் முகங்களை மதிப்போடு படமாக்கினார். அப்படங்களிலும் பெயர்கள் அரியன. கின்சியின் உலகும் அனைவருக்கும் இடமளித்ததன்று; அதே மாநிலத்துப் பெல்லிங்காம் நகரிலிருந்து, மர ஆலைகளில் வேலை செய்த பஞ்சாபியரை 1907 செப்டெம்பரில் ஒரு கும்பல் அடித்துத் துரத்தியது.

மதுரங்குளிப் பகுதியின் மரத்தொழிலை எழுத முற்படுவோர் யானைப் படங்களோடு அமைய முடியாது. உதவி அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள், ஆண்டு நிர்வாக அறிக்கைகள், நில அளவைப் படங்கள், நீதிமன்ற ஏடுகள் ஆகியவற்றோடு, பழைய வீடுகளின் பாலை உத்தரங்களையும் முதிரைக் கதவுகளையும் சான்றாகக் கொள்ளவேண்டும். 1926இல் புகையிரதப் பாதை புத்தளத்தை எட்டிய பின்னைய தலைமுறைக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. ஸ்டூடியோக்கள் பெருகிய காலம் அது. படம் வாங்குபவன் தொழிலாளியே ஆகக்கூடிய காலமும் அதுவே. திருமணப் படம், மரக்காலை வாசலில் நின்றெடுத்த படம், லொறியில் சாய்ந்து நின்ற படம் போன்றவை சில வீட்டுப் பெட்டிகளிலேனும் கிடக்கக்கூடும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் அவற்றைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பார்க்கும்போது பின்புறத்தையும் புரட்டிப் பார்க்கவேண்டும். ஸ்டூடியோவின் முத்திரையும், சிலவேளை பென்சிலால் எழுதிய பெயரும் ஆண்டும் அங்கேதான் இருக்கும்.